காணாமல் போன கோடு

1982 கோடைக்காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரம், வுட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடம். பிரிட்டிஷ் உயிரியலாளர் டிம் ஹன்ட், உடலெங்கும் முள்ளாக உருண்டையாய் இருக்கும் கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருவுற்றதும் எல்லா முட்டைகளும் ஒரே தாளத்தில் பிரியும். சுமார் 1 மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். செல் பிரிவதைப் பார்க்க இதைவிடத் தோதான சரக்கு இல்லை.

புதிதாக உருவாகும் புரதங்கள் தெரிவதற்காகக் கதிரியக்க மெத்தியோனைனை (புரதத்தின் மூலப்பொருள்களில் ஒன்று) கலந்துவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் முட்டைகளை எடுத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினார். படத்தில் ஒவ்வொரு புரதமும் ஒரு கறுப்புக் கோடு. நேரம் ஆக ஆகக் கோடுகள் அடர்ந்துகொண்டே போயின. ஒன்று மட்டும், முட்டை பிரியும் நேரம் பார்த்து மறைந்துபோனது. பிறகு தலைகாட்டியது, அடுத்த பிரிவின்போது மறுபடி மாயம். பாடுபட்டுச் செய்த புரதத்தை செல் ஏன் தானே அழிக்கிறது? ஹன்ட் அதற்கு 'சைக்ளின்' என்று பேர் வைத்தார். அவர் சைக்கிள் பிரியர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சைக்ளின் தனியாக எதையும் சாதிக்காது. சிடிகே என்ற நொதி செல்லில் சும்மா கிடக்கும். சைக்ளின் வந்து ஒட்டினால்தான் வேலை தொடங்கும். இந்த நொதியின் ஜீனை ஈஸ்ட்டில் ஆராய்ந்தவர் பால் நர்ஸ். 1987-ல் அதன் மனித வடிவத்தைக் கொடுத்ததும், அந்த ஜீன் பழுதான ஈஸ்ட் ஒழுங்காகப் பிரிந்தது. ஈஸ்ட்டும் நாமும் பொது மூதாதையிலிருந்து கிளைபிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் உதிரிபாகம் பொருந்துகிறது! ஈஸ்ட்டில் செல் பிரிவின் ஜீன்களைத் தேடிப் பிடித்த லீலாண்ட் ஹார்ட்வெல்லோடு சேர்த்து மூவருக்கும் 2001-ல் நோபல்.

பிரிவதற்கு முன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். மனித செல்லில் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகள். ஒரே இடத்தில் தொடங்கினால் வருடக்கணக்காகும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே கட்டத்தில் தொடங்குவதால் சுமார் 8 மணி நேரத்தில் முடிகிறது.

அடுத்து சைக்ளின்-சிடிகே ஜோடி குரோமோசோம்களைச் சுருட்டிக் கட்டவைக்கும். 46 குரோமோசோம்களும் நடுவில் வரிசைகட்ட, செல் கட்டும் கயிறுகளான கதிர்கோல் இழைகள் இரு பக்கமிருந்தும் பிடிக்கும். ஒன்றே ஒன்றுக்குப் பிடி கிடைக்காவிட்டாலும் செல் காத்திருக்கும். எல்லாம் மாட்டிய பிறகுதான் சைக்ளினை அழிக்க உத்தரவு போகும்; சிடிகே ஓய்ந்தால்தான் பிரிவு முடியும். நகல்களைச் சேர்த்துக் கட்டிய புரத வளையமும் அப்போதே அறுபடும்.

வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிறிஸ்டின், அந்த இழைகளைக் கட்டவே விடாது. பிடி கிடைக்காத குரோமோசோம்களோடு ரத்தப் புற்றுநோய் செல் நடுவழியில் சிக்கி மடியும். சிகிச்சையில் தலைமுடி கொட்டுவதும் இதனால்தான்: மயிர்க்கால் செல்களும் ஓயாமல் பிரிபவை, மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது.