ஞாயிறு இரவு ஒன்பது மணி எண்ணங்கள்

ஞாயிறு இரவு ஒன்பது மணி. பெங்களூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறை. கல்லில் கடைசித் தோசை. போன் அதிர்கிறது. மேனேஜரிடமிருந்து ஒரே வரி: "நாளைக்குப் பத்து மணிக்குக் கொஞ்சம் பேசணும்." தோசையைத் திருப்புவதற்குள் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. லே-ஆஃப். வீட்டு லோன். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புவது. மாமனார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது. தோசை தீய்ந்துபோகிறது.

இதில் நிஜமாக நடந்தது ஒன்றுதான்: ஒரு மெசேஜ் வந்தது. மிச்சமெல்லாம் மனம் கோர்த்த சரம். கோர்த்தது நாம்தான் என்றே தெரியாத வேகத்தில் அது நடக்கிறது. 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் பணிபுரிந்த மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வோடு வந்தவர்களிடம் இந்த மின்னல் வாக்கியங்களைக் கவனித்து, தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்து மாற்றக் கற்றுத்தரும், இன்று சி.பி.டி. என்று சொல்லப்படும் பேச்சுச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் கிடைக்கும் அறிவுரை, "அதையே நினைக்காதே, பாசிட்டிவா இரு." சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான் அது. 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து இதைச் சோதித்தார். ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றபோது, ஆரம்பத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அமுக்கிய எண்ணம் அமுங்கிக் கிடப்பதில்லை.

அமுக்க வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? எழுத வேண்டும். டைரி எழுதுவதுபோல் கொட்டித் தீர்ப்பதல்ல, கட்டம் போட்டு எழுதுவது. சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். போனில் எழுதாமல் இருப்பது நல்லது. எழுதத் திறந்த போனில் அந்த மேனேஜரின் அடுத்த மெசேஜும் வந்து நிற்கும்.

முதல் கட்டத்தில் சூழல். கேமரா வைத்திருந்தால் அதில் எது பதிவாகியிருக்குமோ அது மட்டும்: "ஞாயிறு 9.05, சமையலறை, மேனேஜர் மெசேஜ்." "மேனேஜர் மிரட்டினார்" என்று எழுதினால் எண்ணம் சூழலுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது கட்டத்தில் எண்ணம். பலர் தடுக்கி விழும் இடம் இது. "பயமா இருந்துச்சு" என்று எழுதுவார்கள். பயம் உணர்வு, எண்ணமல்ல. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேள்வியாக எழுதுவார்கள். கேள்வியைச் சோதிக்க முடியாது, அதற்குள் ஒளிந்திருக்கும் வாக்கியத்தை வெளியே இழுக்க வேண்டும். "அப்படியே இருந்தால்தான் என்ன? அதற்கு என்ன அர்த்தம்?" என்று தன்னையே இரண்டு மூன்று முறை கேட்டால் வந்துவிடும்: "என்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள்." அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். 85 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது கட்டத்தில் உணர்வும் உடம்பும்: பயம் 90, வயிறு இறுகல், உள்ளங்கை வியர்வை.

நான்காவது கட்டத்தில் இந்த எண்ணத்துக்குச் சாதகமான ஆதாரம். இதைத் தாண்டிக் குதித்து நேராக எதிர் ஆதாரத்துக்குப் போகாதீர்கள். தன் தரப்பைச் சொல்ல விடவில்லை என்றால் மனம் அடம் பிடிக்கும். "போன மாசம் பக்கத்து டீமில் இரண்டு பேரை அனுப்பினார்கள். என் டெலிவரி இரண்டு நாள் தள்ளிப்போனது." இவை ஆதாரங்கள். "மனசுக்கு என்னவோ தோணுது" என்பது ஆதாரமல்ல.

ஐந்தாவது கட்டத்தில் எதிர் ஆதாரம். "இதே மாதிரி மெசேஜ் முன்பு இரண்டு தடவை வந்தது. ஒரு முறை லீவு பிளான், இன்னொரு முறை புது கிளையண்ட். அப்ரைசலில் எச்சரிக்கை எதுவும் இல்லை. மீட்டிங்கில் எச்.ஆர். பெயர் இல்லை."

ஆறாவது கட்டத்தில் மாற்று வாக்கியம். பலன் தரும் கட்டம் இதுதான், சொதப்பலும் இங்கேதான் அதிகம். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று எழுதிவிட்டு, "எழுதியும் ஒண்ணும் ஆகலை" என்பார்கள். அந்த வாக்கியத்தை அவர்களே பத்து சதவீதம்கூட நம்பவில்லை. அது எப்படி வேலை செய்யும்? இரண்டு பக்க ஆதாரத்தையும் தாங்குகிற வாக்கியம் வேண்டும்: "டெலிவரி தாமதம் பற்றிக் கேட்கலாம். வேலை போகவே போகாது என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கான அறிகுறி இன்றைக்கு எதுவும் இல்லை." இதை 60, 70 அளவுக்கு நம்ப முடிந்தால் போதும். பிறகு பயத்துக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். 90 இப்போது 55 ஆகியிருக்கலாம். பூஜ்யம் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. 55-ல் இருக்கும் பயத்தோடு தூங்கப் போக முடியும்.

முதல் வாரத்தில் ஒரு பக்கம் எழுத இருபது நிமிடம் ஆகும். தினம் ஒன்று போதும். கொதிநிலையில் எழுத உட்கார வேண்டாம். 90-க்கு மேல் இருக்கும்போது எந்த மூளையும் நியாயம் பேசாது. முகத்தைக் கழுவி, மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு எழுதலாம்.

எழுதச் சொன்னதும் நம்மவர்களிடம் ஒரு தயக்கம் வரும். "அப்படியெல்லாம் எழுதினா பலிச்சிடாதா?" கெட்டதை வாயால் சொன்னாலே "வாயைக் கழுவு" என்று வளர்ந்த வீடுகள் நமது. ஊரில் அம்மா இரண்டு தடவை போன் எடுக்கவில்லை என்றால் மனதில் என்ன ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதைத் தாளில் எழுதக் கை வராது. இந்தத் தயக்கத்தோடு வாதம் செய்து பயனில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம். "அடுத்த மாதம் ஹவுஸ் ஓனர் தானாகவே வாடகையைக் குறைப்பார்" என்று பத்து நாள் எழுதிப் பாருங்கள். பெங்களூரில் அது பலித்தால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடலாம்.

சில எண்ணங்களைச் சோதிக்க நோட்டு போதாது. ஆபீஸ் கேண்டீனில் நாலு பேர் கன்னடத்தில் பேசிச் சிரிக்கிறார்கள், பக்கத்து மேஜையில் நீங்கள். "என்னைப் பற்றித்தான்." அடுத்த நாளிலிருந்து டிபன் பாக்ஸோடு தன் சீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார் ஒருவர். தவிர்ப்பதில் உடனடி நிம்மதி இருக்கிறது, அதனால்தான் அது பழக்கமாகிறது. ஆனால் எண்ணம் தவறு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. இந்த எண்ணத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் நினைவிருக்கிறது, 2016 செப்டம்பர் காவிரிக் கலவரம் இளையவர்களுக்கே நினைவிருக்கிறது. அந்த நினைவு நிஜம். இன்றைய கேண்டீன் சிரிப்புக்கு அது ஆதாரமா என்பதுதான் கேள்வி.

இங்கே செய்ய வேண்டியது சின்னப் பரிசோதனை. முன்கூட்டியே எழுதிவையுங்கள்: "நான் போய் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள், நம்பிக்கை 80." பிறகு போய் உட்கார்ந்து, "ஏனு விஷயா?" (என்ன விஷயம்?) என்று கன்னடத்தில் கேளுங்கள். நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். ஒரே தடவையோடு முடிவு கட்டாதீர்கள், வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது வேண்டும். உண்மையாகவே ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால் அது எண்ணப் பிரச்சினை இல்லை, வேலையிடப் பிரச்சினை. அதற்கு வேறு வழி தேட வேண்டும். நடக்கும் அநியாயத்தை "உன் நெகட்டிவ் எண்ணம்" என்று மூடுவதற்கு இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது.

இனி கவலைக்கு நேரம் ஒதுக்குவது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவர் குழுவும் 1980-களில் முன்வைத்த முறை இது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், பழகினால் நன்றாகவே கைகொடுக்கும். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி நேரம். மாலை ஏழு மணி என்றால் ஏழு மணிதான். படுக்கையில் வேண்டாம், தூங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பகலில் கவலை வரும்போது ஒரே சொல்லில் குறித்துக்கொண்டு ("லோன்", "அம்மா முட்டி", "ரிவியூ") "ஏழு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று கைவேலைக்குத் திரும்புங்கள். இது கரடியை அமுக்குவதல்ல, அதற்கு டோக்கன் கொடுத்து உட்கார வைப்பது. ஏழு மணிக்குச் சீட்டை எடுத்தால் பாதிச் சொற்கள் அதற்குள்ளேயே நீர்த்துப் போயிருக்கும். மிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "இதில் நான் இந்த வாரம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" உண்டு என்றால் எந்த நாள், எத்தனை மணி என்று எழுதுங்கள். இல்லை என்றால் அடித்துவிடுங்கள், நாளை மறுபடி வந்தால் மறுபடி டோக்கன். பெரும்பாலானவர்கள் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள், ஏனென்றால் ஏழு மணிக்கு உட்காராமல் விட்டுவிடுகிறார்கள். வாக்குக் காப்பாற்றாதவரின் டோக்கனை மனமும் நம்பாது.

கவலைப்படுவதை யோசிப்பதாக நினைத்துக்கொள்வதும் ஒரு பொறி. யோசனை என்றால் சில நிமிடத்தில் அடுத்த அடி ஒன்று தெரிந்திருக்கும். செக்குமாடு சுற்றுவதுபோல் "ஏன், ஏன்" என்று மட்டும் ஓடினால் அது அசைபோடுதல். பெங்களூரில் அதற்கு வசதியான இடம் டிராஃபிக். சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும், ஐந்து வருஷத்துப் பழைய அவமானமெல்லாம் வரிசையாக வரும். கவனத்தை வெளியே திருப்ப இங்கேயே ஒரு சாதனம் இருக்கிறது: எதிரே நிற்கும் பி.எம்.டி.சி. நகரப் பஸ்ஸின் கன்னட போர்டு. எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஐந்து போர்டு முடிப்பதற்குள் அசைபோடுதல் அறுந்துவிடும், எழுத்தும் கொஞ்சம் படிந்திருக்கும். இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு இது வேண்டாம், சாலையைப் பார்த்தால் போதும்.

இந்த முறைகள் உதவாத இடங்களும் உண்டு. முக்கியமாக, அருவருப்பான எண்ணமோ, பிரியமானவருக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயமோ திரும்பத் திரும்ப வந்து, அதைப் போக்கச் சரிபார்ப்பதும் கழுவுவதும் மந்திரம்போல் ஏதாவது சொல்வதும் தொடர்ந்தால், அது ஓ.சி.டி. எனப்படும் மனநோயாக இருக்கலாம். அங்கே ஆதாரம் தேடி எழுதுவதே இன்னொரு சரிபார்ப்பாக மாறி நோயை வளர்த்துவிடும். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்து, பிடித்ததிலும் நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் நோட்டை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். அத்துடன் தைராய்டு, பி-12, ரத்தசோகை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, தைராய்டு கோளாறு, பி-12 குறைபாடு, ரத்தசோகை ஆகியவையும் இதே முகத்தோடு வரும். குழந்தை பெற்ற தாய்க்கு இப்படி இருந்தால் "பச்ச உடம்பு, சரியாயிடும்" என்று தள்ளிப்போடக் கூடாது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பற்றி நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஓர் ஆள் கிடைத்ததாகத்தான் இருக்கும்.

மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரில் நம் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்கும். அந்த நிறுவனம் முன்னின்று நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று தெரியவந்தது. இந்த மருத்துவமனையைத் தினம் பஸ்ஸில் கடந்துபோகிறவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். தனியார் ஆலோசகரிடம் போவதானால் தகுதியைக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். சி.பி.டி. பொதுவாக வாரம் ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், 12 முதல் 20 அமர்வு வரை போகும். மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும், ஐந்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலை" என்று நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதல் வாக்கியம் என்ன சொல்வது என்று தயங்கிப் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். "ரெண்டு வாரமா தூக்கமில்லை, மனசுல ஒரே எண்ணம் ஓடிட்டே இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும், அடுத்த கேள்வியை அவர்கள் கேட்பார்கள். கட்டம் போட்ட நோட்டு கையில் இருந்தால் அந்தப் பக்கத்தையே படித்துக் காட்டலாம்.