கோரியோகிராஃபி: ஆடலமைப்பும் மெய்ப்பாடும்

மியூசிக் வீடியோவின் பெயர்ப் பட்டியலைத் தமிழிலேயே எழுத நினைப்பவர்கள் இசை, வரிகள், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். ஆடலுக்கு வந்ததும் பலர் 'கோரியோகிராஃபி' என்றே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கிரேக்கத்தில் 'கொரெய்யா' என்றால் பாட்டோடு சேர்ந்த குழு ஆட்டம். 'கிராஃபெய்ன்' என்றால் எழுதுவது. ஆக, ஆடலை எழுதுதல் என்பதே நேர்ப்பொருள். ஆடிப் பாடும் குழுவுக்குப் பெயர் 'கொரோஸ்'. நாம் கோரஸ் என்கிறோமே, அதன் தாய்ச்சொல். ஆர்க்கெஸ்ட்ரா என்பதும் அந்தக் குழு ஆடிய இடத்தின் பெயர்தான்.

இந்த நேர்ப்பொருளில்தான் 1700-இல் பாரிசில் ராவுல் ஓஜே ஃபெயே என்ற ஆடலாசிரியர் இந்தச் சொல்லைத் தம் நூலின் தலைப்பில் வைத்தார். அவர் நூலில் உள்ள குறிமுறைப்படி, தாளின் பரப்பை மேலிருந்து பார்த்த ஆடுதளமாகக் கொள்ள வேண்டும். ஆடுபவர் நகரும் பாதை ஒரு கோடு. கோட்டின் இரு பக்கமும் வலது கால், இடது காலுக்கான சின்னச் சின்னக் குறிகள். தாள அளவைக் காட்டும் குறுக்குக் கோடுகள், தாளின் தலையில் மெட்டு. பதினான்காம் லூயியின் அரண்மனை ஆடலாசிரியர் பியேர் போஷாம், இந்தக் குறிமுறை தன்னுடையது என்று உரிமை கோரினார். பின்னாளில் குறிமுறை வழக்கொழிந்தது, சொல் தங்கிவிட்டது. எழுதுவதைக் குறித்த சொல், ஆடலைப் புதிதாக அமைப்பதைக் குறிக்கலாயிற்று.

நம் படப்பிடிப்புத் தளத்தில் இவ்வளவு பெரிய சொல்லுக்கு வேலையில்லை. 'மாஸ்டர்' என்றாலே போதும். சண்டைக்கு வேறொருவர் இருந்தால் 'டான்ஸ் மாஸ்டர்'. அவர் செய்வது ஸ்டெப் போடுவது, மூவ்மெண்ட் கொடுப்பது, கவுண்ட் சொல்வது. பழைய படங்களின் எழுத்து அட்டையில் 'நடனம்' என்று ஒற்றைச் சொல் வரும். செய்தித்தாள்களில் 'நடன இயக்குநர்' நிலைத்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடியோவுக்கு ஏற்கெனவே ஓர் இயக்குநர் இருக்கிறார். மேலும், ஆளுக்குப் பெயர் கிடைக்கிறதே தவிர வேலைக்குக் கிடைப்பதில்லை; 'நடன இயக்கம்' என்று எழுதுவது அவ்வளவு வழக்கமில்லை. 'நட்டுவாங்கம்' அழகான சொல்தான். ஆனால் தாளத்தைக் கையில் பிடித்துச் சொற்கட்டு சொல்லும் அந்தத் தனிக்கலைக்கு அதை விட்டுவைப்பதே நியாயம்.

'நடன அமைப்பு' பரவாயில்லை. அதைவிட 'ஆடலமைப்பு' பொருந்தும் என்பேன். காரணம் 'ஆடு' என்ற வேர். கொடி ஆடுகிறது, ஊசல் ஆடுகிறது, பிள்ளைகள் ஆடுகிறார்கள், வீரர்கள் போராடுகிறார்கள். நடனம் என்று பெயர் பெறாத உடலசைவையும் அந்த வேர் தழுவிக்கொள்கிறது. மியூசிக் வீடியோவுக்கு அந்த விரிவு தேவை. 1983 டிசம்பரில் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவர்கள் எழுந்து காலை இழுத்து இழுத்து வருகிறார்கள், தோள் ஒரு பக்கம் சரிகிறது, தலை வெட்டி இழுக்கிறது. அதுவரை அது வெறும் நடை. அதே நொண்டலும் வெட்டலும் தாளத்தில் ஒன்றுசேரும்போது ஆட்டமாகிவிடுகின்றன. மைக்கேல் பீட்டர்சும் ஜாக்சனும் அமைத்தது அந்த நடையிலிருந்தே தொடங்குகிறது. எம்டிவி 1984-இல் விருது வழங்கத் தொடங்கியபோது ஆடலமைப்புக்கான விருது அதற்குத்தான் போனது.

ஆளைக் குறிக்க நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றத்துக்கு முன் ஒரு குழுவையே இளங்கோ வரிசைப்படுத்துகிறார்: ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன். முதலில் நிற்பவன் ஆடலாசிரியன். 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' (பாணி, தூக்கு இரண்டும் தாளத்தைச் சேர்ந்தவை) இணைக்கத் தெரிந்தவனாகவும், 'குரவையும் வரியும் விரவல செலுத்தி', அதாவது ஒருவகைக் கூத்து இன்னொன்றோடு கலந்துவிடாமல் நடத்தக்கூடியவனாகவும் அவன் இருக்க வேண்டும். நான்கு பாணிகளை ஒரே பாட்டில் கொட்டிக் கலக்கும் இன்றைய வீடியோக்களைப் பார்க்கும்போது இந்த வரி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதே காதையில் தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைப்பதும் சொல்லப்படுகிறது: 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து'. ஆடுபவரின் உடல் பார்ப்பவர் கண்ணுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பது வரை அன்றே ஆடலைச் சேர்ந்த கவலைதான்.

அடுத்தது 'எக்ஸ்பிரஷன்'. ஸ்டெப் சரியாக வந்தும் டேக் ஓகே ஆகாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். 'முகபாவம்' என்று எழுதினால் கழுத்துக்குக் கீழே உள்ள எல்லாம் விடுபட்டுப்போகும். தொல்காப்பியம் ஓர் இயலையே ஒதுக்கிய 'மெய்ப்பாடு' இருக்கிறது. உள்ளத்தில் தோன்றியது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. 'அபிநயம்' அந்த மெய்ப்பாட்டை ஆடுபவர் முயன்று காட்டுவது. பழைய உரைகள் அதை 'அவிநயம்' என்று எழுதின. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் இருபத்துநான்கு அவிநயங்களைத் தருகிறார். வெகுண்டோன் அவிநயம், சோம்பினோன் அவிநயம், உறங்கினோன் அவிநயம் என்று போகும் அந்தப் பட்டியல், சோம்பியவனின் உடம்பு எப்படி இருக்கும் என்பதைக்கூட விடவில்லை.

கைகளை அவர் பிரிக்கும் விதமும் இன்றைக்கு உதவும். அழகுக்காகக் காட்டுவது எழிற்கை, தொழிலைக் காட்டுவது தொழிற்கை, பாட்டின் பொருளைக் காட்டுவது பொருட்கை. 2008-இல் வந்த பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' வீடியோவில் மூன்று பெண்கள், வெற்றுப் பின்னணி, கறுப்பு வெள்ளை, வேறொன்றும் இல்லை. இடுப்பும் தோளும் விடாமல் ஆடிக்கொண்டிருக்க, மோதிரத்தைப் பற்றிய வரி வரும்போது கையின் பின்புறம் நம் பக்கம் திரும்பித் திரும்பி விரலைக் காட்டுகிறது. அது பொருட்கை. உலகமே பிடித்துக்கொண்ட அசைவும் அதுதான்.

மேடைக்கு இல்லாத ஒரு கூறு வீடியோவுக்கு உண்டு. வினாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 48-இல் படமெடுத்து, தளத்தில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். ஆடுபவர் அந்த வேகத்திலேயே உதடசைத்து ஆட வேண்டும். பிறகு வழக்கமான 24-இல் ஓட்டும்போது திரையில் உதடு பாட்டோடு பொருந்தும், கூந்தலும் துணியும் மட்டும் மிதக்கும். இந்தக் கணக்கும் ஆடலமைப்பின் பகுதிதான். 'ஸ்டெப்' என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

'சிங்கிள் லேடீஸ்' ஆடலை அமைத்தவர்களில் ஒருவரான ஜகுவெல் நைட் 2020-இல் அந்த ஆடலுக்கு அமெரிக்காவில் காப்புரிமைப் பதிவு பெற்றார். உடலசைவைக் குறிகளால் எழுதும் லேபன் குறிமுறையில் ஆடல் முழுவதும் தாளில் எழுதப்பட்டது. ஃபெயேயின் நூலுக்கு மூன்று நூற்றாண்டு கழித்து, சொல்லின் பழைய பொருள் மறுபடி ஒரு தொழிலாளியின் கைக்கு உதவியிருக்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் ஆடலமைப்பை நாடகப் படைப்புகளோடு சேர்த்து ஏற்கிறது. அதன் காட்சியமைப்போ நடிப்பு வடிவமோ எழுத்திலோ வேறு வழியிலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திரைப்படத்தை அந்த வரையறைக்குள் சட்டம் சேர்க்கவில்லை. மாஸ்டர் தளத்தில் வாயால் சொல்லிக் கொடுக்கும் கவுண்ட்டை ஒரு நோட்டிலாவது எழுதிவைப்பதும், பெயர்ப் பட்டியலில் 'ஆடலமைப்பு' என்று போட்டு எதிரில் அவர் பெயரைப் போடச் சொல்வதும் இன்றே செய்யக்கூடியவை.