பண்டு வேண்டாம், பாண்ட்டு என்று எழுதுங்கள்

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் மக்குவா மொழி பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அதைப் ‘பண்டு (Bantu) மொழிகளுள் ஒன்று’ என்கிறார்கள். தமிழில் பண்டு என்றால் முற்காலம். வாசகர் அதைப் ‘பழைய மொழி’ என்றுதான் புரிந்துகொள்வார். மக்குவாவோ நம்புலா, காபோ டெல்காடோ, நியாசா, சம்பேசியா மாகாணங்களிலும் தெற்குத் தான்சானியாவிலும் இன்று புழங்கும் மொழி; மொசாம்பிக்கில் மிகுதியானோருக்குத் தாய்மொழி அதுவே.

Bantu என்ற சொல்லின் பிறப்பு எளிது. இக்குடும்ப மொழிகளில் ‘ன்ட்டு’ ஆள், ‘பா’ பலரைக் குறிக்கும் முன்னொட்டு. 1862இல் வெளியான ஒப்பிலக்கணத்தின் வழி ஜெர்மானியர் வில்ஹெல்ம் பிளீக் இதை மொழிக் குடும்பப் பெயராக்கினார். பின்னாளில் மொழியியலாளர் மால்கம் கத்ரி இம்மொழிகளை எழுத்தும் எண்ணும் இட்டு மண்டலங்களாகப் பிரித்தபோது மக்குவா பி (P).31 ஆனது, அதன் உறவு மொழிகளான லோம்வே பி.32, சுவாபோ பி.34.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழில் ‘ண்டு’ என்று எழுதினால் வண்டு, நண்டு போல மெலிந்தே ஒலிக்கும். மூலத்தில் இருப்பது வல்லொலி. ‘மக்கள்’ என்பது இக்குடும்பத்தைச் சேர்ந்த சூலு மொழியில் அபாண்ட்டு, சுவாகிலியில் வாட்டு. மக்குவாவில் மூக்கொலி அடியோடு மறைந்து, வல்லொலி மூச்சுடன் நிற்கிறது: ஒருவர் முட்டு, பலர் அட்டு, இரண்டிலும் ட்ட-வை மூச்சு சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே தகரமும் டகரமும் வேறு, மூச்சுள்ளதும் இல்லாததும் வேறு. இயல்பான சொற்களில் க, ட, ப மெலிந்து ஒலிப்பதே இல்லை. அப்படிப்பட்ட மொழியின் குடும்பப் பெயரை மெலிந்த ‘ண்டு’வால் எழுதுவது பொருந்தாது. ட் ஒன்றைக் கூட்டினால் வல்லொலி கிடைக்கிறது. நெடிலுக்கும் காரணம் உண்டு: சூலுவில் ஈற்றயல் உயிர் நீளும், எனவே பா. ‘பாண்டு’ என்று நிறுத்தினால் பாண்டவர் தந்தை வந்துவிடுகிறார், ஒலியும் மெலிகிறது.

தனித்தமிழ்ப் பற்றில் ‘மாந்த மொழிகள்’ என்று பெயர்த்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. எனக்கு அது அறவே உடன்பாடில்லை. மாந்தர் பேசாத மொழி ஏது? ஏறத்தாழ 500 மொழிகள் கொண்ட குடும்பத்தைத் தனித்துக் காட்டுவதே பெயரின் வேலை. சொற்பொருளைப் பெயர்த்தால் அந்த வேலை கெட்டுப்போகும். தமிழாக்க வேண்டியது இலக்கணக் கலைச்சொல்லை. பெயர்ச்சொற்களை முன்னொட்டுப்படி வகைப்படுத்தும் noun class என்பதைப் ‘பெயர் வகுப்பு’ என்றால் போதும். அதைப் ‘பால்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் ஆண், பெண் பிரிவே இல்லாத இடத்தில் அதை நுழைக்கிறார்கள்.

மொழியை அதன் மக்கள் ‘எமக்குவா’ என்பார்கள். சுவாகிலிக்குக் ‘கி’ போல இதற்கு ‘எ’ முன்னொட்டு. தமிழில் அது ‘எமக்கு வா’ என்று பிரிந்து படிக்கப்படும், ஆகவே மக்குவா என்றே எழுதலாம். ‘மகுவா’ கூடாது, நடுக் ககரம் மெலிந்துவிடும்.

‘பாண்ட்டு இனத்தவர்’ என்பதையும் விட்டுவிடுங்கள். 1953ஆம் ஆண்டின் பாண்ட்டுக் கல்விச் சட்டம் உட்பட, தென்னாப்பிரிக்க இனஒதுக்கல் அரசு கறுப்பின மக்கள்மீது குத்திய முத்திரை அது. மொழியைச் சொல்லும்போது பாண்ட்டு. மக்களைச் சொல்லும்போது மக்குவா மக்கள், லோம்வே மக்கள்.