மாசு அல்ல, பிடிபாசி

திருகோணமலைப் பக்கம் கிண்ணியாக் கரையில் வள்ளத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு ஒரு துண்டுப்பிரசுரத்தை வாசித்துக் காட்டினேன். தலைப்பு: ‘மிதவைகளில் உயிரியல் மாசு ஏற்படுத்தும் பச்சைக் கடற்களைகளை இனங்காணல்’. “ஆராச்சும் கழிவுத்தண்ணி விட்டுட்டாங்களா மகன்?” என்று கேட்டார். அவர் சுரண்டும் தகட்டில் பச்சைப்பசேலென்று வழிந்துகொண்டிருந்ததைத்தான் அந்தத் தலைப்பு சொல்கிறது. அது அவருக்கு விளங்காதது அவர் பிழையில்லை. இந்த ‘மாசு’வை நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

இப்படி ஏறிப் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ஃபௌலிங். பழைய ஆங்கிலத்தில் அழுகியது, நாறுவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. கப்பற்காரர் வாயில் தடை, சிக்கல் என்றும் ஆயிற்று. நங்கூரக் கயிறு சிக்கினாலும் அதுதான், கப்பலடியில் பாசியும் சிப்பியும் ஏறினாலும் அதுதான். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடுகிறார்கள்.

தமிழில் இதற்குச் சொல் தேடவே வேண்டாம். இரும்பில் துரு பிடிக்கிறது, ஊறுகாயில் பூஞ்சணம் பிடிக்கிறது, கிணற்றுக்கட்டில் பாசி பிடிக்கிறது. ஆகவே நடப்பது பாசி பிடித்தல், பிடிப்பது பிடிபாசி. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை.

சொல் எதுவானால் என்ன என்பவர்களுக்குச் சீனக் கரையைக் காட்டுகிறேன். 2008இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குச் சற்று முன், சிங்தாவ் கடலைப் பச்சைப் பாசி மூடியது. உல்வா இனம் அது. தெற்கே ஜியாங்சு கரையில் நோரி என்ற உண்ணும் பாசியை வளர்க்கும் மிதவைகளின் மூங்கிலிலும் கயிற்றிலும் பிடித்திருந்ததை வசந்த காலத்தில் சுரண்டிக் கடலிலேயே விட, குழாய் போன்ற அதன் உடலுக்குள் வாயு நிறைந்து மிதந்து, வளர்ந்துகொண்டே வடக்கே போனது. ‘மாசு’ என்று சொல்லிக் கொடுத்தால் மிதவைக்காரர் என்ன செய்வார்? கழுவிக் கடலில் தள்ளுவார். செய்யக்கூடாதது அதுதான். கயிற்றில் இருக்கும்போதே எந்த இனம் என்று பார்க்க வேண்டும். அதுவும் வெறுங்கண்ணுக்கு லேசில் பிடிபடாது. குழாய் வடிவானவற்றை என்டரோமோர்பா என்று தனியாக வைத்திருந்தார்கள். 2003இல்தான் மரபணு பார்த்து உல்வாவுடன் சேர்த்தார்கள். இலைபோல விரிவதில் இரண்டு அடுக்குக் கலங்கள், குழாயில் ஒன்று. தண்ணீரின் உப்பு மாறினால் ஒரே இனம் வேறு தோற்றம் காட்டும்.

இன்னொரு கூட்டம் ‘ஒட்டுண்ணிப் பாசி’ என்கிறது. இது மாசைவிட மோசம். உண்ணி என்றால் உண்ண வேண்டும். உல்வா கயிற்றை உண்ணுவதில்லை. வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது, கயிறு அதற்குக் காலூன்ற ஓர் இடம், அவ்வளவுதான்.

அப்புறம், பாசி இப்படிப் பெருகிக் கடலை மூடுவதற்கு ஆங்கிலத்தின் ‘புளூம்’ பார்த்து வைத்த இந்தப் ‘பாசி மலர்ச்சி’. கரையில் குவிந்து அழுகி நாறுவதற்கு மலர்ச்சியா? முகம் மலரும், தாமரை மலரும். குறுந்தொகை 399ஆம் பாட்டு, தொட்ட இடத்தில் விலகி, விட்ட இடத்தில் பரவும் கேணிப் பாசியை, பிரிவில் மேனியில் படரும் பசலைக்கு உவமை சொல்கிறது. அங்கே வரும் சொல் ‘பரத்தல்’. பசுமையை உள்ளே வைத்திருக்கும் பாசி என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஆங்கிலத்தின் ‘சீவீட்’டைப் பார்த்துக் ‘களை’ என்கிறார்கள். கிண்ணியாவில் நோன்புக்குக் காய்ச்சுவது கடற்பாசி; கடற்களை காய்ச்சுகிறோம் என்று யாராவது சொல்வார்களா?

அந்தத் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பை நான் இப்படி எழுதுவேன்: ‘மிதவைக் கயிற்றில் பிடிபாசி: கடலில் பரக்குமுன் இனங்காணல்’.