உருண்டைக்குள் ஒரு சுருள்

ஆழ்கடல் அடிச்சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்து, 63 மைக்ரான் சல்லடையில் போட்டு, களிமண் போகும்வரை தண்ணீரில் அலசினால் வெள்ளை மணல்போல் ஏதோ மிஞ்சும். பல இடங்களில் அது மணலே அல்ல. மிதவை ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகள் கட்டிய சுண்ணாம்பு ஓடுகள் அவை. உயிரோடு இருந்தவரை மேல்நீரில் மிதந்த உயிர் இறந்ததும், ஓடு மட்டும் அடியில் வந்து படிந்தது. பெரும்பாலான ஓடுகள் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, ஈரமான மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்துக் கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் வைப்பார்கள். மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டால் ஒரு மணி நேர வேலை பறந்துவிடும்.

இனி ஒவ்வொன்றும் எந்த இனம் என்று பெயர் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் "இது எந்தப் படத்தைப் போல இருக்கிறது?" என்றுதான் தேடுவார்கள். அதைவிட நல்ல கேள்வி, "இந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது?" என்பது. இந்த உயிரி ஓர் அறை கட்டும், வளரும், அதை ஒட்டி அடுத்த அறையைக் கட்டும். முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை எல்லாம் ஓட்டிலேயே பதிவாகியிருக்கும். அதனால் ஓட்டைப் புரட்டிப் புரட்டி மூன்று பக்கமும் பார்க்கிறோம். எல்லா அறைகளும் தெரியும் சுருள் பக்கம், நடுவில் தொப்புள் என்ற குழியோடு கடைசிச் சுற்று மட்டும் தெரியும் தொப்புள் பக்கம், பிறகு விளிம்பு. கடைசிச் சுற்றில் எத்தனை அறை? வாய், அதாவது கடைசி அறையின் திறப்பு, தொப்புளுக்குள் திறக்கிறதா, விளிம்பு வரை நீள்கிறதா? அதன்மேல் உதடுபோல் ஏதாவது உண்டா? வேறு துணை வாய்கள் இருக்கின்றனவா? விளிம்பில் வரப்புபோல் ஒரு மேடு ஓடுகிறதா?

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது ஓட்டின் சுவர் என்பேன். அறைகளின் வடிவம் சூழலுக்கேற்ப மாறலாம்; கடைசி அறை சிறுத்தே போகலாம். சுவரின் அமைப்போ பரம்பரைச் சொத்து. உயிரோடு இருந்தபோது நீண்ட முட்கள் இருந்த குடும்பத்தில், முள் உதிர்ந்தபின்னும் அடித்தடம் தெரியும். முள்ளே இல்லாத குடும்பங்களில் அது இருக்காது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபிறகு பழைய வகைப்பாடு பெரிதும் கலைந்துபோனதற்கு இதுதான் காரணம். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதையே உண்டு: 1826-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பிக்னி, அறை அறையாகச் சுருண்ட இந்த ஓடுகளைக் கணவாய் மீன், நாட்டிலஸ் போன்ற மெல்லுடலிகளின் கூட்டத்தில் சேர்த்தார். 1835-இல் இன்னொரு பிரெஞ்சு இயற்கையியலாளர் டுஜார்டின் உயிருள்ளவற்றைப் பார்த்துத்தான் அது தவறென்று காட்டினார்.

ஓர்புலினா யுனிவெர்சா என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் உருண்டை. சுருள் இல்லை, தொப்புள் இல்லை, ஒற்றை வாயும் இல்லை. சிறிதும் பெரிதுமாய் இருவகைத் துளைகள் மட்டும். ஊசி முனையால் மெல்ல அழுத்தி உடைத்தால், உள்ளே குட்டியாக ஒரு சுருள் ஓடு கிடக்கும். அதுதான் அதன் இளமைக் கால வீடு. கடைசி அறையை உருண்டையாகக் கட்டி, முந்தைய வீட்டையே அதற்குள் மூடிவிட்டது. சில உருண்டைகளில் உள்ளோடு கரைந்து, வெற்றிடம்தான் இருக்கும்.

ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் என்ற புவியியல் காலத்தின் நடுவில், இந்த உருண்டை வந்த வழியைப் படிவுகளில் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். கீழடுக்கில் கடைசி அறை முந்தையவற்றைக் கொஞ்சம் தழுவும். மேலே வர வர இன்னும் தழுவும். இந்த இடைநிலைகளுக்கு ப்ரியோர்புலினா என்று பெயர். கடைசியில் முழு உருண்டை. இதில் எங்கே ஒரு இனம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது? இயற்கை அங்கே கோடு போடவில்லை, நாம்தான் போடுகிறோம். அதனால் ஒற்றை ஓட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதே அடுக்கிலிருந்து நிறைய ஓடுகளைப் பரப்பி, வேறுபாடு எதுவரை நீள்கிறது என்று பார்த்து, பெயருக்குரிய மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.

இப்படிக் கவனமாகப் பிரித்தும் ஏமாறுவதுண்டு. குளிர்கடல் வாசியான நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மாவில் இடஞ்சுழியும் வலஞ்சுழியும் இருந்தன. ஒரே இனம்தான், நீரின் வெப்பத்துக்கேற்பச் சுருளும் திசை மாறுகிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. இப்போது வலஞ்சுழி இன்காம்ப்டா என்று தனிப்பெயரில் வழங்குகிறது. ஓர்புலினாவிலும் மரபணு வழியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டு பழைய உருண்டையில் மரபணு மிஞ்சாது. அதனால் அங்கே மறுபடியும் சுவருக்கே போகிறோம்: துளை எவ்வளவு பெரிது, எவ்வளவு நெருக்கம் என்று ஒவ்வொன்றாக அளக்கிறோம்.