எல்லை தாண்டும் வேனில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது

மலேசியாவில் குவாலா கெட்டிலைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள், போகிற இடத்தில் யாரிடமும் கையேந்தக் கூடாது என்று, ஒரு வாரத்துக்கான சாமான்களை வேனில் ஏற்றிக்கொள்வது நெடுநாளைய பழக்கம். அந்தப் பழக்கத்தாலேயே சென்ற ஆண்டு ஓர் அம்மா எல்லைச் சோதனை நிலையம் இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாமில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். பதினான்கு பேருக்குச் சமைப்பதற்காக ஒட்டுக்கடையில் காசு கொடுத்து வாங்கிய இருபது பாக்கெட் எண்ணெயையும் பறிகொடுத்து, கையில் கொடுக்கப்பட்ட மலாய்க் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துச் சொன்னவன் நான். படித்துச் சொன்னபோது, பொருளைத் திருப்பிக் கேட்பதற்கான காலம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் பின்னணி நீளமானது. பயணிக்குத் தேவையானது கொஞ்சம்தான். வெளியே போகும் பொருளையும் உள்ளே வரும் பொருளையும் சுங்கத் துறை 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் கீழ் பார்க்கிறது. மானிய விலைப் பொருளும் விலைக்கட்டுப்பாட்டுப் பொருளும் 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு வாணிப அமைச்சின் பொறுப்பில் இருக்கின்றன. செடி, பழம், இறைச்சி ஆகியவை மாகிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைச் சட்டத்தின் கீழ் வருகின்றன; எல்லையில் அதை 2025 முதல் எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு நிறுவனம் பார்க்கிறது. ஒரே வேனில் இருக்கும் மூன்று பைகளுக்கு மூன்று அலுவலகங்கள் இருப்பதால், புறப்படுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று போகிறவரை ஒவ்வொன்றும் அடுத்ததிடம் அனுப்புகிறது. நானே ஒரு முறை ஒரே நாளில் இரண்டு முகப்புகளில் நின்றேன். முதலாமவர் அது இரண்டாமவர் வேலை என்றார். இரண்டாமவர் முதலாமவரிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். எந்தப் பொருள் யாருடையது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது மானியப் பொருளில்தான். ஒரு கிலோ பாக்கெட்டாக 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்கு விற்கும் சமையல் எண்ணெய், சீனி, கோதுமை மாவு, சமையல் கேஸ் தோங் (சிலிண்டர்), பெட்ரோல், டீசல் ஆகியவை கட்டுப்பாட்டுப் பொருள்கள். இவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல அனுமதி வேண்டும். அந்த அனுமதி வியாபாரிகளுக்காக ஏற்பட்டது, குடும்பத்துக்காக அல்ல. ‘விற்பதற்கு அல்ல, நாங்கள் சாப்பிடுவதற்குத்தான்’ என்பது நியாயமான பதில்தான், ஆனால் பிரிக்காத பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியோடு பார்க்கும் அதிகாரிக்கு அது போதுவதில்லை. விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்குத் தனி ஆளுக்கு உச்சத் தண்டனை பத்து லட்சம் வெள்ளி அபராதம், அல்லது மூன்றாண்டு சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சமையல் எண்ணெய்க்காக ஒரு பாட்டியை யாரும் அந்த அளவுக்குக் கொண்டு போவதில்லை என்றாலும், அந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே பாக்கெட் எண்ணெயையும் கேஸ் தோங்கையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எண்ணெய் இல்லாமல் முடியாது என்றால், மானியம் இல்லாத பாட்டில் எண்ணெய் ஒன்றை வாங்கி, வீட்டில் திறந்து கொஞ்சம் பயன்படுத்திய பின், சமையல் பாத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். நான் பார்த்த வரையில், திறந்த ஒரு பாட்டிலுக்காக யாரையும் இறக்கி நிறுத்தியதில்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் டானோக்கிலும் ஹாட்யாயிலும் எண்ணெயும் சீனியும் தாராளமாகக் கிடைக்கின்றன; மிச்சமாகும் சில வெள்ளிக்காக ஒரு நாள் பயணத்தை இழப்பது வீண்.

பெட்ரோல் டின்னைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தோட்டத்தில் புல்வெட்டும் மிசினுக்காக டின்னில் பெட்ரோல் வாங்க அமைச்சின் அனுமதிக் கடிதம் வைத்திருப்பவர்கள், அந்தக் கடிதம் எங்கும் செல்லும் என்று நம்புகிறார்கள். அது குறிப்பிட்ட வேலைக்காக, உள்நாட்டில் பயன்படுத்துவதற்காகக் கொடுக்கப்பட்டது. எல்லையில் அதைக் காட்டினால், இந்த ஆளிடம் மானிய எண்ணெய் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நீங்களே கொடுத்த சான்றாக அது மாறக்கூடும். வண்டியோடு வந்த தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள், அது போதும். காலி டின்னையும் ஏற்றாதீர்கள். பெட்ரோல் வாசனை அடிக்கும் காலி டின்னுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்த கண்ணி, பொதுப்பை. வரியில்லாமல் பொருள் கொண்டு செல்லும் சலுகை ஒவ்வோர் ஆளுக்கும் உரியது, வண்டிக்கு உரியது அல்ல. தாய்லாந்துக்குள் ஓர் ஆள் 200 சிகரெட், ஒரு லிட்டர் மது கொண்டு செல்லலாம். நான்கு ஆண்களின் சிகரெட்டை ஒரே பையில் போட்டு, அந்தப் பையை ஓட்டுநரின் காலடியில் வைத்தால், அதிகாரியின் கணக்கில் அது ஓட்டுநர் ஒருவருடைய சிகரெட். ‘எல்லாருடையதும் அண்ணே’ என்று தமிழில் சொல்லிப் பயன் இல்லை. சாப்பாட்டுச் சாமானுக்கும் இதுவே பொருந்தும். பதினான்கு பேருக்கான பொருள் ஒருவர் பெயரிலான ரசீதோடு ஒரே மூட்டையில் இருந்தால், அது ஒருவரின் சரக்கு ஆகிவிடுகிறது. அவரவர் பொருளை அவரவர் பையில், முடிந்தால் அவரவர் ரசீதோடு பிரித்து வையுங்கள். பிள்ளைகள் பயன்படுத்தும் வேப் (மின்சிகரெட்) கருவியைத் தாய்லாந்துக்குள்ளும் சிங்கப்பூருக்குள்ளும் கொண்டு செல்வது தடை செய்யப்பட்டுள்ளது; புறப்படும் முன் இளைஞர்களின் பைகளைப் பெரியவர்கள் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு மனம் அதிகம் வலிக்கிறது. நம் தோட்டங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத வீடு அரிது. அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கு வந்ததும் ஒரே டப்பாவில் கலந்து கொட்டி வைப்பது பழக்கம். பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் உறை குப்பைக்குப் போகிறது. அந்த உறைதான் உங்கள் சான்று. நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பயணத்துக்குப் போகும் மாத்திரைகள் அந்த உறையிலேயே இருக்க வேண்டும். கடப்பிதழில் உள்ள பெயரும் உறையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். அப்பாவின் மருந்தை மகன் வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்வது அன்பான செயல்தான், ஆனால் எல்லையில் அப்பாவின் பையில்தான் அது இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டால், அடுத்த சந்திப்புத் தேதிக்கு வாருங்கள் என்று முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தேதி இரண்டு மாதம் கழித்து இருக்கும், பயணமோ அடுத்த வாரம். மருத்துவரைப் பார்க்கக் காத்திராமல், மருந்தகப் பிரிவுக்கே நேராகப் போய், உங்கள் மருந்துச் சீட்டின் நகலில் முத்திரை போட்டுத் தரும்படி கேளுங்கள். சாதாரண சர்க்கரை, அழுத்த மாத்திரைகளுக்கு அது போதுமானதாக இருப்பதையே பார்த்து வருகிறேன். தூக்க மாத்திரை, வலிக்கான கடும் மருந்து, கொடேய்ன் கலந்த இருமல் மருந்து ஆகியவை வேறு வகை. இவற்றுக்கு மருத்துவர் கடிதம் இல்லாமல் எல்லையை நெருங்கவே கூடாது; தாய்லாந்தில் இத்தகைய மருந்துகளுக்கு 30 நாள் தேவைதான் வரம்பு. சிங்கப்பூரில் சாதாரண மருந்துக்கு மூன்று மாதத் தேவை வரை சொந்த உபயோகம் என்று ஏற்கிறார்கள்; கொடேய்ன், டயசிபாம் போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும், அதுவும் பயணத்துக்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் ஊசியையும் மருந்தையும் ஒரே பையில், சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தனியே கிடக்கும் ஊசிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

வண்டிக்கான மாற்றுச் சாமான்களில் பெரிய சிக்கல் போகும்போது வருவதில்லை. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, ஒரு டப்பா எஞ்சின் எண்ணெய், பெல்ட் போன்றவை வண்டியின் உடைமை என்றே பார்க்கப்படுகின்றன. திரும்பும்போதுதான் கண்ணி இருக்கிறது. ஹாட்யாயில் டயர் மலிவு என்று வாங்கி வருகிறவர்கள், பயணிகளுக்கான வரிவிலக்கில் டயரும் டியூபும் சேர்க்கப்படவில்லை என்பதை அறிவதில்லை. வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தாலும் புது டயர் புது டயர்தான். வரி கட்டி வாங்கி வருவது என்று முடிவு செய்தால் ரசீதை நீங்களே முதலில் நீட்டுங்கள்.

திரும்பும் வழியில் இன்னும் சில. காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குப் பயணிகளுக்கான வரிவிலக்கு இல்லை. நாட்டுக்கு வெளியே குறைந்தபட்ச நேரம் தங்கியிருந்தால்தான் அது கிடைக்கும். அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் மட்டுமே இருப்பதால், சயாம் அரிசி மூட்டை என்பது விலை குறைந்த பொருள் அல்ல, வழக்குப் பொருள். பூச்செடி, பழம், இறைச்சி எதுவும் இறக்குமதி அனுமதியின்றி வரக் கூடாது. மாகிஸ் சட்டத்தில் இதற்கான அபராதம் ஒரு லட்சம் வெள்ளி வரையும் சிறை ஆறாண்டு வரையும் போகிறது. கோவிலுக்கென்று வாங்கிய மல்லிகைச் செடிக்கும் அதே சட்டம்தான். தீபாவளிக்கு முன் டானோக்கில் வாங்கும் பட்டாசு வேண்டவே வேண்டாம். கெத்தும் எனப்படும் போதை இலை அங்கே 2021 முதல் சட்டப்படி விற்கிறது என்பதால் இங்கேயும் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். அங்கே வேலை அனுமதியில் இருக்கும் நம் பிள்ளைகள், வருகையாளருக்குக் கிடைக்கும் பொருள் சேவை வரி விலக்கு தங்களுக்கும் உண்டு என்று நினைத்து, விடுமுறை முடிந்து திரும்பும்போது புதுப் பொருள்களை வாங்கிச் செல்கிறார்கள். வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. சிகரெட்டுக்கு யாருக்குமே விலக்கு இல்லை, ஒற்றைச் சிகரெட்டுக்கும் வரி உண்டு. மலேசியாவிலிருந்து கொண்டு செல்லும் மதுவுக்கும் அப்படியே.

அதிகாரி ‘அடா பாராங்?’ (பொருள் ஏதும் இருக்கிறதா?) என்று கேட்கும்போது நம்மவர்கள் பயத்தில் உடனே ‘தக் அடா’ (இல்லை) என்று சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு பெட்டியில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளும் மறைத்த பொருள் ஆகிவிடுகிறது. இருப்பதைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் வரி அல்லது பொருளை விட்டுவிட்டுப் போவதோடு முடியும். சொல்லாமல் பிடிபட்டால் அது பொய் வாக்குமூலம்.

பறிமுதல் நடந்துவிட்டால், அந்த இடத்திலேயே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். என்னென்ன பொருள், எத்தனை என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரியின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், படிக்கத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, முழுவதும் படித்துக் கேட்ட பிறகு போடுங்கள். கம்பவுண்ட் என்பது வழக்குக்குப் பதிலாகக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தரும் வாய்ப்பு; ஏற்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. ஏற்றால் அதிகாரபூர்வ ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அதில் பொருள் திரும்ப வருமா என்பதையும் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பொருள் உங்களுடையது, பறிமுதலுக்கு உரியது அல்ல என்று நினைத்தால், சுங்கச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, பறிமுதலான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் கோர வேண்டும். வழக்கும் போடாமல், கோரிக்கையும் வராமல் அந்த மாதம் கழிந்தால் பொருள் அரசாங்கத்துக்குப் போய்விடும். கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: உங்கள் கண்முன்னே பறிமுதல் செய்யப்பட்டிருந்தால் தனி அறிவிப்பு அனுப்ப வேண்டிய கட்டாயமே இல்லை. இந்த ஒரு வரி தெரியாமல்தான் அந்த அம்மா நாள்தோறும் தபால்காரரை எதிர்பார்த்திருந்தார். கோரிக்கைக் கடிதத்தை மலாயில் எழுதுங்கள். பெயர், மைகார்டு (அடையாள அட்டை) எண், நாள், இடம், பொருள் பட்டியல், ரசீது நகல், பொருள் பறிமுதலுக்கு உரியது அல்ல என்ற தெளிவான வாக்கியம் இவ்வளவும் அதில் இருந்தால் போதும். கோரிக்கை வந்த பிறகு சுங்கத் துறையினர் பொருளை விடுவிக்கலாம், இல்லையென்றால் விஷயத்தை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போக வேண்டும்.

கடிதத்தை இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு, பறிமுதல் செய்த நிலையத்துக்கே நேரில் போங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்ட தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்’ என்றால் போகாதீர்கள். சாப் விழும் வரை முகப்பிலேயே நில்லுங்கள்.