"எங்கயும் நிக்கலை சார்!"

கோயில் கொடை, தீபாவளி, பொங்கல் என்று ஊர் நிறையும் வாரங்களில் பாளையங்கோட்டையில் என் கிளினிக்கில் தவறாமல் காதில் விழும் வசனம் இது. "சென்னையில எடுத்த வண்டி, எங்கயும் நிக்கலை சார்." பந்தயத்தில் ஜெயித்த மாதிரிச் சொல்வார்கள். அப்புறம்தான் வந்த விஷயம் வெளியே வரும்: இடுப்புப் பிடிப்பு, நீர்க்கடுப்பு, கால் வீக்கம்.

காரில் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தவர் பாக்கியசாலி. கார் என்றால் ஆச்சியையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நினைத்த நேரத்தில் கிளம்பலாம். சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கலாம். சங்கடம் என்னவென்றால், ரோடு ரொம்ப நன்றாக இருக்கிறது. சுமார் 620 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட முடிகிறது. உடம்புதான் ஒத்துக்கொள்வதில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. கொடைக்காக ராத்திரி முழுக்கப் பின்சீட்டில் உட்கார்ந்தபடி வந்திருக்கிறார். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இடது கால் கொலுசு மட்டும் இறுகியது. வலது காலில் தொளதொளவென்று ஆடுகிறது, இடது காலில் சதைக்குள் பதிந்து கிடக்கிறது. கெண்டைக்கால் சூடாக இருந்தது, தொட்டால் வலி. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் போட்டு இரண்டு நாள் நீவியிருக்கிறார்கள். டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மடக்கிய கால் மணிக்கணக்கில் அசையாவிட்டால் ரத்தம் அங்கேயே தேங்குகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007லேயே சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல, கார், பஸ், ரயிலுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் பிள்ளை பெற்றவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், முன்பே ஒருமுறை ரத்தம் உறைந்தவர்கள் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பயணம் முடிந்து சில நாள், சில வாரம் கழித்துக்கூட ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவாதீர்கள். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்கவே வேண்டாம், 108.

பெண்கள் விஷயம் இதைவிடச் சங்கடம். வழியில் கழிப்பறை சுத்தமாக இருக்காது என்று மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பிரஷருக்கான நீர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடும் பெரியவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல ஹோட்டலாகப் பார்த்து நிறுத்துவது ஓட்டுகிறவர் பொறுப்பு. நிறுத்துவது உறுதி என்று தெரிந்தால் அவர்கள் தானாகவே தண்ணீர் குடிப்பார்கள்.

சர்க்கரைக்காரர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "மதுரையில சாப்பிட்டுக்கலாம்" என்று சாப்பாட்டைத் தள்ளக்கூடாது. ஓட்டுகிறவரே சர்க்கரைக்காரர் என்றால் கை எட்டும் இடத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். மதுரை தாண்டியதும் "இன்னும் ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தானே" என்று தோன்றும். ராத்திரி வண்டிகளுக்கு அது பெரும்பாலும் விடியற்காலை மூன்று, நான்கு மணி. உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் அசந்தால், வண்டி நூறு மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடிய கணக்கு. ஏசியைக் கூட்டுவதும் பாட்டு போடுவதும் இதற்கு உதவாது. டீயைக் குடித்துவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்குங்கள்.

ஊரில் காத்திருப்பவர்களும் "எங்க வந்துட்டிருக்கிய?" என்று அரைமணிக்கு ஒருதரம் போன் போடாமல் இருந்தால் நல்லது. அந்த போன்தான் பாதிப் பேரை நிறுத்தவிடாமல் ஓட்ட வைக்கிறது. ஏழு மணி இட்லியை ஒன்பது மணிக்கு ஊற்றினால் போயிற்று.